கண் முன்னே, கை பின்னே

இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடுக்களைப் பக்கம் போய் வாருங்கள். அங்கே அம்மாவோ அப்பாவோ பாட்டியோ காப்பி போட்டுக்கொண்டிருந்தால், ஓர் ஓரமாக நின்று கவனியுங்கள். கையைக் கவனிக்க வேண்டாம், கண்ணைக் கவனியுங்கள். கை சர்க்கரை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும். கண்ணோ மூடியை விட்டுக் கிளம்பி டம்ளரில் போய் நின்றுகொண்டிருக்கும். கை டம்ளரைப் பிடித்துத் தூக்கும் வேளையில் கண் அடுப்புக்குப் போய்விடும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் சேர்ந்து நடப்பதில்லை. கண் ஓர் அடி முன்னால் போகிறது. கை பின்னால் வருகிறது.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன். ஒளியியல் பாடத்தில் ஆண்டுதோறும் கண்ணைப் பற்றிப் பேசுவேன். லென்சு, விழித்திரை, தலைகீழ்ப் பிம்பம், கிட்டப்பார்வை, தூரப்பார்வை. அதோடு மணி அடித்துவிடும். விழித்திரையில் பிம்பம் விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்று மாணவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு விடியற்காலையில் நடந்த சம்பவம்தான் என்னை யோசிக்க வைத்தது.

எங்கள் அடுக்களையில் அடுப்புக்கு வலப்பக்கச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கும் இடுக்கி அதில் தொங்கும். இருபது ஆண்டுகளாக அதற்கு அதுதான் இடம். வீட்டுக்கு பெயின்ட் அடித்தபோது நான் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, இடப்பக்கம் அலமாரிக்குக் கீழே புதிய ஆணி ஒன்றை அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார்.

மூன்றாம் நாள் காலை பால் பொங்கியது. அம்மாவின் கண் பாலின் மேல் இருந்தது. வலக்கை, ஆணி முன்பு இருந்த இடத்துக்குப் போய் வெறும் சுவரைத் தடவியது. இதற்குள் பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அவசரத்தில் முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்தார். அது வழுக்கி, பால் புறங்கையில் கொட்டிவிட்டது. அடுப்பை அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். ஆற அமர உட்கார்ந்து கேட்பவர்களுக்கு எல்லாம் தோன்றும்.

"வயசாயிடுச்சு, கண் சரியாத் தெரியலை" என்று வீட்டில் ஆளுக்கு ஒருவராகச் சொன்னோம். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடி போட்டால் பார்வை நன்றாகவே இருக்கிறது, புரை ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. "கண்ணு நல்லாயிருக்குன்னா, எனக்குப் புத்திதான் பிசகிப்போச்சு. இடுக்கி இடம் மாறினது தெரிஞ்சிருந்தும் ஏன் அங்கே போனேன்?" என்று அம்மா சொல்லத் தொடங்கினார். அதன் பிறகு தனியாக அடுப்புப் பற்றவைக்கவே பயந்தார்.

தெரிந்திருந்தும் கை ஏன் அங்கே போனது? கேள்வி நியாயமானதுதான். விடை தேடுவோம், வாருங்கள்.

நகத்தளவு உலகம்

உங்கள் கையை முழுதும் நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். அந்த நகத்தின் அகலம் உங்கள் கண்ணில் ஏறத்தாழ 2 டிகிரிக் கோணத்தை உண்டாக்குகிறது. நீங்கள் துல்லியமாகப் பார்ப்பது ஒரு நேரத்தில் அவ்வளவுதான்! விழித்திரையின் மஞ்சள் புள்ளியின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. கூம்புச் செல்கள் அங்கேதான் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதை விட்டு விலக விலகப் பார்வை மங்கிவிடுகிறது. நம்பிக்கை இல்லையா? இந்த வரியில் உள்ள ஏதாவது ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல், நான்கு வரி கீழே உள்ள சொல்லைப் படித்துப் பாருங்கள்.

முடியவில்லை அல்லவா? ஆயினும் அறை முழுவதும் தெளிவாகத் தெரிவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. காரணம், கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்குச் சுமார் 3 முறை அது ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குதிக்கிறது. விழித்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தாவலுக்கு மேல் வரும். தாவும்போது கண் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியை மூளை நமக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடிமுன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் காணவே முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆக, கைக்கு வழிகாட்ட வேண்டிய கண், நகத்தளவு விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் ஓடுகிறவனைப் போன்றது. அதை எங்கே, எப்போது காட்டுவது என்பதில்தான் எல்லாத் திறமையும் இருக்கிறது.

ஒரு கோப்பைத் தேநீர்

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாண்ட் என்றொரு விஞ்ஞானி இருந்தார். விலங்குகளின் கண்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். ஸ்காலப் என்னும் கடற்சிப்பியின் கண்ணில் பிம்பத்தை உருவாக்குவது லென்சு அல்ல, ஒரு குழியாடி என்று 1965ஆம் ஆண்டில் காட்டியவர் அவர்தான். (இயற்பியல் ஆசிரியனுக்கு இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வராது.) சிப்பியையும் சிலந்தியையும் பார்த்து முடித்தவர் பிறகு மனிதர்களைப் பார்க்க வந்தார். தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு காமிராவை அமைத்தார். அணிந்தவரின் முன்னால் உள்ள காட்சியும், அவருடைய கண் திரும்பும் திசையும் ஒரே படத்தில் பதிவாகும்.

அதை மூன்று பேருக்கு அணிவித்து அவர் கொடுத்த வேலை என்ன தெரியுமா? தேநீர் போடுவது! கெட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும், கொதிக்க வைக்க வேண்டும், தேநீர்ப் பானையில் ஊற்ற வேண்டும், பாலைத் தேட வேண்டும், கோப்பையில் கலக்க வேண்டும். இப்படி ஆயிரம் முறை செய்து பழகிய வேலை. 'இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வேன்' என்று யாரும் சொல்லக்கூடிய வேலை. அந்தப் படத்தை லாண்டும் அவருடைய துணைவர்களும் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு கணத்திலும் கண் எங்கே, கை எங்கே என்று குறித்தார்கள். 1999ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

பழகிய வேலையானாலும் கண் சும்மா இருக்கவில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் கண் அந்தப் பொருளுக்குப் போய்வந்தது. வேலைக்குத் தொடர்பில்லாத பொருள்களின் மேல் அது விழுந்தது நூற்றுக்கு ஐந்து தடவைக்கும் குறைவு. மற்றப் பொருள்கள் அங்கே இருந்தும் கண் அவற்றைச் சட்டை செய்யவில்லை. இது எனக்கு வியப்பாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண் அழகானதையும் புதியதையும் தேடி அலைகிறது. கையில் வேலை வந்துவிட்டால் அதே கண் கடமைக்காரனாகிவிடுகிறது.

அடுத்தது இன்னும் முக்கியம். கண் ஒரு பொருளைத் தொட்டு, சுமார் அரை வினாடி கழித்துத்தான் கை அதன் மேல் வேலையைத் தொடங்குகிறது. சரி, வேலை முடியும்வரையிலாவது கண் அங்கே காத்திருக்கிறதா? அதுவும் இல்லை. கை வேலையை முடிப்பதற்கு அரை வினாடிக்கும் சற்று மேலாகவே கண் அடுத்த பொருளுக்குக் கிளம்பிவிடுகிறது. அந்தக் கடைசி அரை வினாடியில் கை யாரைப் பார்த்து வேலை செய்கிறது? கண் விட்டுச்சென்ற செய்தியை வைத்துக்கொண்டுதான். அதாவது, நினைவை வைத்துக்கொண்டுதான்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மேரி ஹேஹோ என்னும் ஆய்வாளர், நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி தயாரிக்கும் வேலையை இதே போல ஆராய்ந்திருந்தார். இருவரும் 2001ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். நாடு வேறு, பண்டம் வேறு. ஆனால் கண் முந்தும் வழக்கம் ஒன்றாகவே இருந்தது.

அரை வினாடி எதற்கு?

இங்கே கொஞ்சம் இயற்பியல். உங்கள் முன்னால் ஒரு மீட்டர் தூரத்தில் டம்ளர் இருக்கிறது. அதிலிருந்து ஒளி உங்கள் கண்ணுக்கு வர, ஒரு வினாடியின் 30 கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். ஆனால் கண்ணுக்குள் நுழைந்ததும் எல்லாம் மெதுவாகிவிடுகிறது. விழித்திரையில் ஒளி இரசாயன மாற்றமாகி, அது மின்துடிப்பாகி, மூளையில் பல நிலையங்களைக் கடந்து, தண்டுவடம் வழியே இறங்கிக் கைத்தசைக்குப் போக வேண்டும். நரம்பு மின்கம்பி அல்ல. கைக்குப் போகும் வேகமான நரம்புகளிலேயே துடிப்பு வினாடிக்குச் சுமார் 50 மீட்டர்தான் ஓடுகிறது. ரயில் வண்டி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகிறது? நீங்களே அளக்கலாம். 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை நண்பன் மேல் நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே சுழிக் குறிக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வையுங்கள். அவன் சொல்லாமல் விட வேண்டும். நீங்கள் பார்த்துப் பிடிக்க வேண்டும். எத்தனை செ.மீட்டரில் பிடித்தீர்கள் என்று பாருங்கள். தடையின்றி விழும் பொருள் கடக்கும் தூரம் ½gt² என்பது உங்களுக்குத் தெரியும். 20 செ.மீ. என்றால் நேரம் 0.20 வினாடி. 15 செ.மீ. என்றால் 0.17 வினாடி. பத்து முறை செய்து சராசரி எடுங்கள். பலருக்கும் இந்த அளவுக்கு அருகில்தான் வரும்.

(இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 செ.மீ. அதன் நடுவில் விரல்களை வைத்துக்கொண்டு, விழும்போது பிடித்தால் நோட்டு உனக்கே என்று பந்தயம் கட்டுங்கள். பாதி நோட்டு விழ 0.12 வினாடிதான் ஆகும். காசு பத்திரமாக உங்களிடமே இருக்கும். விடுகிறவர் முன்கூட்டி ஜாடை காட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.)

கண் சொல்லிக் கை கேட்க ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது என்றால், வேகமாக அசையும் கையைப் பாதி வழியில் கண்ணால் திருத்த முடியுமா? இந்தக் கேள்வியை 1899ஆம் ஆண்டிலேயே கேட்டவர் ராபர்ட் உட்வொர்த். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மாணவர். அவருடைய சாதனங்கள் எளியவை: பென்சில், மெதுவாகச் சுழலும் உருளையில் சுற்றிய காகிதம், 'டக் டக்' என்று ஒலிக்கும் தாளக்கருவி. தாளத்துக்கு ஏற்பக் கோடு போட வேண்டும். ஒவ்வொரு கோடும் முந்திய கோட்டின் நீளமே இருக்க வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு ஒரு முறை, மூடிக்கொண்டு ஒரு முறை. தாளம் மெதுவாக இருந்தபோது கண் திறந்தவரே வென்றார். தாளத்தை வேகமாக்க வேகமாக்க வித்தியாசம் குறைந்தது. நிமிடத்துக்கு 140 கோடுகளுக்கு மேல் போனதும் கண் திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடியிருந்தாலும் ஒன்றுதான்!

ஸ்டீவன் கீலும் மைக்கேல் போஸ்னரும் 1968ஆம் ஆண்டில் இதை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். கை கிளம்பியவுடன் சில சமயம் விளக்கை அணைத்துவிட்டார்கள். 0.19 வினாடியில் முடிந்துவிடும் வீச்சுக்கு விளக்கு இருந்தும் பயனில்லை. 0.26 வினாடி எடுத்துக்கொண்டு போன கைக்கு விளக்கு உதவியது. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் எல்லை இருக்கிறது.

இப்போது அம்மாவின் கையைக் கற்பனை செய்து பாருங்கள். அவசரத்தில் நீளும் கை எறிந்த கல்லைப் போன்றது. கிளம்பும்போது எந்தத் திசை கொடுக்கப்பட்டதோ அந்தத் திசையில்தான் பெரும்பகுதி போகும். கடைசியில்தான் திருத்தம். கண்ணும் அங்கே இல்லாவிட்டால் அந்தத் திருத்தமும் இல்லை. கண் ஏன் முந்திக்கொண்டு ஓடுகிறது என்பதும் இதனால் விளங்கும். கை கிளம்புவதற்குமுன் திசை தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 'பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே' என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். லாண்டும் பீட்டர் மக்லியாடும் பந்துவீசும் இயந்திரத்தை வைத்து மட்டையாளர்களின் கண்ணைப் பதிவு செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பந்து கிளம்பியதைப் பார்த்ததும் கண் பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவி அங்கே காத்திருந்தது. திறமை மிக்கவருக்கு இந்தத் தாவல் சீக்கிரம் நிகழ்ந்தது. நல்ல ஆட்டக்காரர் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கிறார்!

மூளையின் சிக்கனம்

நினைவு என்று சொன்னேன். கண் பார்த்ததை எல்லாம் மூளை படம் பிடித்து வைத்துக்கொள்கிறதா? அப்படியானால் ஒரு முறை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யலாமே!

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது உங்களையே கவனியுங்கள். ஒரு முறை நிமிர்ந்து பார்த்து எத்தனை சொற்களைக் கொண்டுவருகிறீர்கள்? மூன்று? நான்கு? பத்துச் சொற்கள் உங்களால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதா என்ன? செய்யுளையே மனப்பாடம் செய்கிறவர்கள் நீங்கள். ஆனாலும் அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறீர்கள்.

டானா பல்லார்ட், மேரி ஹேஹோ, ஜெஃப் பெல்ஸ் மூவரும் 1995ஆம் ஆண்டில் இதைத்தான் வண்ணக் கட்டைகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஓரிடத்தில் மாதிரி வடிவம், இன்னோரிடத்தில் உதிரிக் கட்டைகள், அடுக்குவதற்குக் காலியிடம். மாதிரியைப் பார்த்து அதைப் போலவே அடுக்க வேண்டும். பங்கெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே கட்டைக்காக மாதிரியை இரண்டு முறை பார்த்தார்கள். முதல் பார்வையில் நிறத்தைத் தெரிந்துகொண்டு கட்டையை எடுத்தார்கள். பிறகு மீண்டும் போய், அதை எங்கே வைப்பது என்று பார்த்துவந்தார்கள். நிறமும் இடமும் ஆக இரண்டே செய்திகள். அவற்றைக்கூடச் சேர்த்துச் சுமக்க மூளை விரும்பவில்லை! மாதிரியைத் தொலைவில், தலையைத் திருப்பிப் பார்க்கும்படி வைத்தபோதுதான் நடை குறைந்தது. நினைவின் பங்கு கூடியது.

கடை பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் வீட்டில் யாரும் மூட்டையாக வாங்கி வைப்பதில்லை. வேண்டும்போது போய் வாங்கிவருவார்கள். கடை தொலைவானால்தான் சாமான் சேரும். மூளையும் அப்படியே. உலகமே கண்முன் பரப்பிக் கிடக்கும்போது அதை எதற்கு உள்ளே பதிய வேண்டும்? பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பி, தேவையானதை மட்டும் தேவையான கணத்தில் எடுத்துக்கொள்கிறது.

அந்த நம்பிக்கையில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். லாண்டின் தேநீர்ச் சோதனையில், முதுகுக்குப் பின்னால் இருக்கும் பொருளை எடுக்க வேண்டியிருந்தால் முதலில் திரும்பியது உடல். கண் பொருளின் மேல் விழுந்தது அதற்குச் சுமார் அரை வினாடி கழித்துத்தான். பார்க்காத பொருளை நோக்கி உடல் எப்படித் திரும்பியது? அந்த அறையின் வரைபடம் ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தது. கண்ணுக்கு வழிகாட்டியது அந்த நினைவு. கைக்கு வழிகாட்டியது கண்.

நீங்கள் செய்துபார்க்க ஒரு சோதனை. மேசைமேல் ஒரு தாளில் புள்ளி வையுங்கள். கையில் பென்சிலோடு அதை நன்றாகப் பாருங்கள். கண்ணை மூடி உடனே புள்ளியைத் தொடுங்கள். விழுந்த இடத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை மி.மீட்டரில் குறியுங்கள். அடுத்து, கண்ணை மூடியபின் மனத்துக்குள் 20 வரை எண்ணிவிட்டுத் தொடுங்கள். இரண்டு முறையிலும் பத்துப் பத்து அளவுகள் எடுத்து ஒப்பிடுங்கள். காத்திருந்த கையின் பிழை பெரிதாக இருப்பதைக் காண்பீர்கள்.

இரண்டு நோயாளிகள்

காத்திருந்தால் ஏன் பிழை கூடுகிறது? இதற்கு ஒரு பெண்மணி தந்த விடை வியப்பானது. டி.எஃப். என்ற எழுத்துகளால் மட்டுமே அவரை ஆய்வுலகம் அறியும். 1988ஆம் ஆண்டில், 34 வயதில், வெந்நீர்க் கருவியிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவருடைய மூளையின் பின்பகுதியைப் பாதித்தது. நிறம் தெரிந்தது, வடிவம் தெரியவில்லை. எதிரே பிடித்த பொருளின் உருவத்தை அவரால் சொல்ல முடியாது.

மெல்வின் குடேல், டேவிட் மில்னர் என்ற ஆய்வாளர்கள் அவர்முன் தபால் பெட்டியின் வாயைப் போன்ற ஒரு பிளவை வைத்தார்கள். அதைச் சாய்வாக, நிமிர்வாக, படுக்கையாகத் திருப்பலாம். 'பிளவு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கையிலுள்ள அட்டையைச் சாய்த்துக் காட்டுங்கள்' என்றபோது அவர் தடுமாறினார். 'சரி, அட்டையை உள்ளே போடுங்கள்' என்றதும், தபால் போடுவதைப் போலக் கையைச் சரியாகத் திருப்பிப் போட்டுவிட்டார்! 1991ஆம் ஆண்டில் வெளியான இந்தச் சோதனையிலிருந்து, 'இது என்ன' என்று அறியும் பார்வைக்கும் கையை நடத்தும் பார்வைக்கும் மூளையில் பாதைகள் வெவ்வேறு என்ற கருத்து வலுப்பெற்றது. பிறகு 1994ஆம் ஆண்டில் இன்னொன்றும் கண்டார்கள். எதிரே இருக்கும் கட்டையை எடுக்கும்போது அதன் அகலத்துக்கு ஏற்ப அவர் விரல்கள் விரிந்தன. ஆனால் கட்டையைக் காட்டி, 2 வினாடி மறைத்துவிட்டு, அது அங்கே இருப்பதாகப் பாவித்து எடுக்கச் சொன்னால் விரல்களுக்கு அளவு தெரியவில்லை. கையை நடத்தும் பாதை அந்தந்தக் கணத்துக்கு மட்டுமே வேலை செய்கிறது. அது எதையும் சேர்த்து வைப்பதில்லை. 2 வினாடி போனால் அந்த அளவு போயிற்று.

அப்படியானால் இருபது ஆண்டுகளாக ஓர் ஆணியை நினைவில் வைத்திருந்தது எது? அதற்கு இன்னொருவரிடம் போக வேண்டும். அமெரிக்கரான ஹென்றி மொலேசன். வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக 1953ஆம் ஆண்டில் மூளையின் இரு பக்கத்திலும் ஒரு பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் வைக்க முடியாமற்போயிற்று. அன்றாடம் பார்க்கும் மருத்துவரும் அவருக்கு அன்றாடம் புதியவர். 2008ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை எச்.எம். என்றே குறிப்பிடப்பட்டார்.

அவரிடம் பிரெண்டா மில்னர் (முன்னே சொன்ன மில்னர் வேறு) ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, அதன் இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரையச் சொன்னார். கையையும் தாளையும் நேராகப் பார்க்கக் கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து வரைய வேண்டும். செய்துபாருங்கள், மூலைகளில் கை எதிர்த்திசையில் ஓடும். மொலேசனும் முதலில் திணறினார். மூன்று நாள் பயிற்சியில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும், தாம் இதை முன்பு செய்ததே அவருக்கு நினைவில்லை!

கைக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. சொல்லாகச் சேமிக்கும் நினைவு ஒன்று, செயலாகச் சேமிக்கும் நினைவு ஒன்று. முதலாவது ஒரே முறை கேட்டால் பதியும். இரண்டாவது செய்யச் செய்யத்தான் பதியும். பதிந்தபின் எளிதில் மாறாது. சிறுமூளையும் பெருமூளையின் அடியிலுள்ள சில முடிச்சுகளும் இதில் பங்கு கொள்கின்றன.

மீண்டும் அந்த ஆணி

மொலேசனைப் பற்றிப் படித்த அன்று இரவு நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அறிந்தவரையில் கணக்கு இப்படித்தான் வருகிறது. பால் பொங்கும்போது நகத்தளவு பார்வையைப் பாலை விட்டு எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆகவே கண் தன் கடமையைச் செய்தது. கண் கிடைக்காத கை, தன்னிடம் இருந்த ஒரே வரைபடத்தைப் பார்த்துக் கிளம்பியது. அது இருபது ஆண்டுகளாக, நாளைக்கு நாலைந்து முறை வரைந்து வரைந்து ஆழமாகிப்போன வரைபடம். இடுக்கி இடப்பக்கம் மாறிவிட்டது என்று நான் சொன்னதும் அவர் 'சரி' என்றதும் வேறொரு அறையில், சொற்களின் நினைவில், பத்திரமாக இருந்தது. அது கையை எட்ட மூன்று நாள் போதவில்லை. மீதி அந்த அரை வினாடியில் முடிந்துவிட்டது.

"உன் கண்ணும் சரி, புத்தியும் சரி. ஆணியைப் பிடுங்கினவன்தான் பிசகு பண்ணினான்" என்றேன்.

அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த டி.எஃப். பொம்பளைக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவரே அடுப்பைப் பற்றவைத்தார். கை ஆறச் சில வாரம் பிடித்தது. ஆறிய பிறகு, செய்த தவற்றைச் சரிசெய்வதாக எண்ணிக்கொண்டு, வலப்பக்கச் சுவரில் பழைய இடத்திலேயே ஆணியை அடித்து இடுக்கியை மாட்டினேன். அடுத்த நாள் விடியற்காலை அடுக்களை வாசலில் நின்று அவர் கண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பால் எழும்பியது. கண் பாலில் நின்றது. கை சற்றும் தயங்காமல் இடப்பக்கம், அலமாரிக்குக் கீழே போய்க் காற்றைப் பிடித்தது.

நல்லவேளை, நான் பக்கத்திலேயே நின்று அடுப்பை அணைத்துவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தார். "இப்பத்தான் கை பழகிச்சு. இனிமே அந்தச் சுத்தியலைத் தொட்டே, பாத்துக்கோ" என்றார்.